ரொக்காசெராவில் நிற்காமல் போனவன்

மோந்தேகூபோ மலையேற்றத்தில் ஒலிந்தோ கலியோத்தி சைக்கிள் மிதித்தால் அவனுடைய நிழலுக்கே மூச்சு வாங்கும். ஏழாவது வளைவில் கஷ்கொட்டை மரத்தடியில் அது உட்கார்ந்துவிடும். அவன் மேலே போய், முகம் கழுவி, ஒரு கோப்பை மது குடித்து முடித்த பிறகுதான் தட்டுத்தடுமாறி வந்து காலில் ஒட்டிக்கொள்ளும். சரி, கொஞ்சம் மிகைதான், ஒத்துக்கொள்கிறேன். நிழல் உட்காரவெல்லாம் இல்லை. உண்மையைச் சொன்னால், அவன் வாழ்நாளில் ஜெயித்தது ஒரே ஒரு பந்தயம். பத்தொன்பது வயதில், பக்கத்து ஊர்த் திருவிழாவில். பரிசு, உப்பிட்டுக் காயவைத்த ஒரு பன்றித்தொடை. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டி மலையேறி வந்தான். அது மிகையில்லை.

இதை எழுத எழுத, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கஷ்கொட்டைகளைக் கத்தியால் கீறிக்கொண்டே ஒவ்வொரு தாளாக வாங்கிப் படிக்கிறாள் அவன் தங்கை ஸெலிந்தா. நிழலைப் பற்றிப் படித்துவிட்டு அடுத்த கஷ்கொட்டையை எடுத்தாள். பன்றித்தொடை வந்த இடத்தில் மட்டும், “உப்பு ஜாஸ்தி அதுல” என்றாள்.

எங்கள் ஊர் ரொக்காசெராவில் ஆண்பிள்ளையாகப் பிறந்தால் போகிற இடம் கல்குவாரி. ஒலிந்தோ பதினான்கு வயதில் போனான். துளைபோடும் இயந்திரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் தூசி அடங்கும். ஆனால் தண்ணீரைக் கீழிருந்து மேலே தூக்கிவர ஆள் வேண்டும், ஆளுக்கு நேரம் வேண்டும். ஆகவே காய்ந்த கல்லிலேயே துளைத்தார்கள். சாயங்காலம் தலையைக் கழுவினால் தொட்டியில் சாம்பல் நிறக் குழம்பு தேங்கும். அது மறுநாள் காலைக்குள் இறுகிவிடும். சுத்தியலால் தட்டித்தான் எடுக்க வேண்டும்.

அவன் அப்பா எஜிஸ்தோ அதே குவாரியில் முப்பத்தோரு வருஷம் துளைத்தவர். அவர் இருமினால் ஜல்லி மூட்டையை யாரோ மாடிப்படியில் இழுத்துக்கொண்டு போவதுபோலக் கேட்கும். ஊரில் ஒருவருக்கு இன்னும் எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் கேட்க வேண்டியதில்லை. தேவாலயத்துக்குப் பத்தொன்பது படிகள். எத்தனையாவது படியில் ஆள் நிற்கிறார் என்று பார்த்தால் போதும். ஐம்பது வயதில் எஜிஸ்தோ நாலாவது படியில் நின்றார். அடுத்த வருஷம் தேவாலயத்துக்குப் போவதையே விட்டுவிட்டார்.

“இந்தத் தூசிய நான் தின்னது போதும்டா. நீயாவது கீழ இறங்கிப் போயிடு” என்று மகனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இருபத்தொன்றாம் வயதில் ஒலிந்தோ இறங்கிப்போனான். ஒரு சைக்கிள் குழு அவனைச் சேர்த்துக்கொண்டது, ஜெயிப்பதற்காக அல்ல. வாஸ்கோ மைனார்தி என்கிற தலைவன் ஜெயிப்பதற்காக. ஒலிந்தோ அவனுடைய தண்ணீர்க்காரன்.

தண்ணீர்க்காரனின் வேலை சொன்னால் சிரிப்பு வரும். தலைவனுக்குத் தாகம் எடுத்தால், வழியில் கண்ணில் படுகிற மதுக்கடைக்குள் சைக்கிளோடு புகுந்து, கடைக்காரர் கத்தக் கத்த அலமாரியில் இருப்பதையெல்லாம் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வெளியே பாய வேண்டும். தலைவனின் டயர் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரம் தனியாக நிற்க வேண்டும். தலைவனுக்குச் சிறுநீர் வந்தால், அவன் சைக்கிளில் இருந்தபடியே போய் முடிக்கும்வரை முதுகில் கை வைத்துத் தள்ள வேண்டும். எதிர்க்காற்று அடிக்கிற நாளில் அதன் விளைவு யார்மேல் விழும் என்பதை விளக்க வேண்டாம். ஆறு வருஷம் ஒலிந்தோ அதைச் செய்தான். தண்ணீரைத் தூக்குவதும் ஒரு வேலைதான், குவாரியில் அதைச் செய்ய ஆளில்லாமல்தானே இத்தனை பேர் செத்தார்கள் என்று சொல்லிச் சிரிப்பான்.

ஐம்பத்துமூன்றாம் வருஷம், செப்டம்பர் கடைசியில் ஐந்து கோட்டைச் சுற்று நடந்தது. மூன்று நாள் பந்தயம். அந்தப் பருவத்தில் அதுதான் கடைசி. மூன்றாம் நாள் பாதை மோந்தேகூபோ ஏறி, ரொக்காசெரா நடுத்தெரு வழியாகப் போய், மறுபக்கம் முப்பத்தொரு கிலோமீட்டர் இறங்கிப் போர்கோ நகரத்தில் முடியும்.

முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் குழு மேலாளர் பொன்ஃபாந்தி முள்கரண்டியைத் தட்டில் தட்டினார்.

“அடுத்த வருஷம் அஞ்சு தண்ணிக்காரங்களுக்குத்தான் இடம். இங்க ஏழு பேர் உக்காந்து சாப்பிடறீங்க. நாளைக்கு யாரு என்ன பண்றீங்கன்னு போர்கோவுல நின்னு பாக்கப்போறேன். அவ்வளவுதான், சாப்பிடுங்க.”

யாரும் சாப்பிடவில்லை. ஒலிந்தோவுக்கு இருபத்தேழு வயது. ஒரு முழங்கால் மழைக்காலத்தில் வீங்கும். மற்ற ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். நான்கு பேர் தன்னைவிடச் சின்னவர்கள், ஒருவன் பொன்ஃபாந்தியின் மச்சான் மகன். எண்ணி முடித்தபோது தன் வாயில் தூசி ருசித்தது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறான்.

சட்டைப்பையில் ஸெலிந்தாவின் கடிதம் இருந்தது. அப்பா படுக்கையை விட்டு எழுந்திருக்காமல் பதினொரு நாளாகிறது, டாக்டர் ஒரு வாரம் சொல்கிறார், ஆனாலும் பந்தயம் வருகிற அன்று தன்னை நீரூற்றடியில் நாற்காலி போட்டு உட்காரவைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார் என்று எழுதியிருந்தாள். நீ நின்று ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போ, அதற்காகத்தான் உயிரை வைத்துக்கொண்டிருக்கிறார்.

பந்தயக்காரர்களிடையே அதற்கு வழி இருந்தது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதாத வழி. பாதை ஒருவனுடைய சொந்த ஊர் வழியாகப் போனால், கூட்டம் அவனுக்கு விடுப்புக் கொடுக்கும். அவன் முன்னே போவான். ஊரில் இறங்கி, அம்மாவையோ பெண்டாட்டியையோ கட்டிக்கொண்டு, ஒரு வாய் மது குடித்துவிட்டு நிற்பான். கூட்டம் மெதுவாக வந்து சேரும். அவன் ஏறிக்கொள்வான், அங்கிருந்து மறுபடியும் பந்தயம். அந்தச் சில நிமிஷங்களில் யாரும் அவனைத் துரத்த மாட்டார்கள். அவனும் அந்தச் சில நிமிஷங்களைத் திருட மாட்டான். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

மறுநாள் ஏற்றத்தின் அடிவாரத்தில் ஒலிந்தோ தலைவன் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டான். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

“வாஸ்கோ அண்ணே, அடுத்தது எங்க ஊரு.”

“தெரியும்டா. மூணு நாளா அதையேதான் சொல்லிட்டிருக்க. உங்க ஊர்ப் பூனைங்க பேரெல்லாம் எனக்கு மனப்பாடம்.”

“அப்பாவ நீரூத்துக்கிட்ட உக்கார வெச்சிருப்பாங்க. விடுப்பு வேணும்ணே.”

மைனார்தி கையைத் தூக்கி, மற்றக் குழுத் தலைவர்களைத் திரும்பிப் பார்த்தான். எல்லாரும் தலையசைத்தார்கள். பின்னால் இருந்து ஒருவன் கத்தினான்: “உங்க ஊர்ப் பொண்ணுங்களுக்கு என் சார்புல ஒண்ணு குடுத்துட்டு வா!”

“உன் மூக்கப் பாத்தா எங்க ஊர்ப் பொண்ணுங்க நீரூத்துலயே குதிச்சிடுவாங்கடா!”

கூட்டமே சிரித்தது. மைனார்தி அவன் முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினான். ஆறு வருஷத்தில் தலைவன் அவனைத் தள்ளியது அதுதான் முதல் தடவை.

“போடா. எங்கப்பா போறப்ப நான் பந்தயத்துல இருந்தேன். அவருக்குக் குடுக்க முடியாததையும் சேத்து உங்கப்பாவுக்குக் குடு. நாங்க மெதுவாத்தான் வருவோம்.”

ஒலிந்தோ ஏறினான். அப்போது அவன் மனத்தில் வேறெதுவும் இல்லை. கன்னத்தைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான், அவ்வளவுதான். பன்னிரண்டாம் வளைவு தாண்டியதும் பின்னாலிருந்து மோட்டார் சைக்கிள் வந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர் பந்தய அலுவலர். முன்னே போகிறவனுக்கும் பின்னே வருகிறவர்களுக்கும் எத்தனை நிமிஷ இடைவெளி என்று சிலேட்டில் எழுதிக் காட்டுவது அவர் வேலை. விடுப்பு பற்றியெல்லாம் சிலேட்டில் எழுத இடமில்லை. அவர் பாட்டுக்குச் சாக்கட்டியால் எழுதித் தூக்கிக் காட்டினார். ஐம்பத்தெட்டாம் எண். நான்கு நிமிஷம்.

ஐம்பத்தெட்டு அவனுடைய எண். ஆறு வருஷத்தில் அந்தச் சிலேட்டில் எத்தனையோ பேருடைய எண்களைப் பார்த்திருக்கிறான், சட்டைக்குள் எட்டுப் பாட்டில் குலுங்கக் குலுங்க. தன் எண்ணை அன்றுதான் பார்த்தான். தூறலில் அந்த எண் கரைந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

“இன்னொரு தடவ காட்டுங்க சார்” என்றான்.

காட்டினார்.

நான்கு நிமிஷம் சிகரத்தில். ஊருக்குள் நின்றால் அது பூஜ்யம். நிற்காவிட்டால் முப்பத்தொரு கிலோமீட்டர் இறக்கம், ஒவ்வொரு வளைவும் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த பாதை. போர்கோவில் பொன்ஃபாந்தி நின்று பார்க்கப்போகிறார். ஜெயித்தவனை ஏழில் ஒருவனாக யாராவது எண்ணுவார்களா?

ஊர் எல்லை வந்தது. தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள். குவாரிக்கு அன்று அரைநாள் விடுமுறை. தலையில் தூசியோடு வந்து நின்றார்கள். கைத்தட்டலும் கூச்சலும். நீரூற்றடியில் நாற்காலி தெரிந்தது. அதில் பழுப்புக் கோட்டு, கழுத்துத்துணி, தொப்பி. அவற்றுக்குள் எங்கோ எஜிஸ்தோ. பக்கத்தில் ஸெலிந்தா ஒரு கையில் மதுக்கோப்பையோடு தெருவுக்குள் இறங்கி நின்றாள்.

ஒலிந்தோவின் விரல்கள் பிரேக்கைப் பிடித்தன. சைக்கிள் வேகம் குறைந்தது. அதை எல்லாரும் பார்த்தார்கள். அவன் நின்றுவிட்டான் என்றே ஊரில் பாதிப்பேர் நினைத்தார்கள். ஆனால் அவன் நாற்காலியைப் பார்த்தபோது அப்பாவைப் பார்க்கவில்லை. இருபது வருஷம் கழித்து அதே நீரூற்றடியில், அதே கோட்டுக்குள், தன்னையே பார்த்தான். விரல்கள் பிரேக்கை விட்டன. தலையைக் குனிந்துகொண்டு மிதித்தான். ஸெலிந்தா நீட்டிய கோப்பை அவன் முழங்கையில் பட்டு உடைந்தது. சட்டையெல்லாம் மது.

“டேய், நில்லுடா! உங்கப்பன்டா!” என்று யாரோ அலறினார்கள். 

நான்கு நிமிஷம் கழித்துக் கூட்டம் மெதுவாக வந்தது. சிலர் கைப்பிடியை விட்டுவிட்டு, சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். நீரூற்றடியில் ஒலிந்தோ இல்லை. மைனார்தி ஒரு காலை ஊன்றினான்.

“உங்க அண்ணன் எங்கேம்மா?”

ஸெலிந்தா இறக்கத்தைக் காட்டினாள். அவள் கையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. மைனார்தி நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றி ஒரு வணக்கம் வைத்தான், ஏறிக்கொண்டான்.

அன்றைக்கு மாதிரி ஒரு துரத்தலை அந்த மலை பார்த்ததில்லை. மூன்று நாளாக ஒருவர் முகத்தில் ஒருவர் முழங்கையை இடித்துக்கொண்டிருந்த ஆறு குழுக்களும் ஒரே கயிற்றில் கட்டிய மாதிரி இறங்கின.  போர்கோவுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது ஒலிந்தோ பின்னால் செயின்களின் சத்தத்தைக் கேட்டான். திரும்பிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அவனைத் திட்டவில்லை, தள்ளிவிடவில்லை. அறுபது பேரும் ஒவ்வொருவராக, அவன் பக்கம் பார்க்காமல் கடந்து போனார்கள். கடைசியாக மைனார்தி மட்டும் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தான்.

“அப்பா எப்படி இருக்கார்?” என்று கேட்டான்.

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டான்.

போர்கோவில் பொன்ஃபாந்தி சொன்னபடியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “ஜெயிச்சிருந்தா உன்ன வெச்சுக்கறதுக்கு வெக்கப்பட்டிருப்பேன். தோத்தும் என்னை வெக்கப்பட வெச்சுட்ட. உன் முன்னாடி முதுகைக் காட்டி எவன் சைக்கிள் ஓட்டுவான்? சட்டையக் கழட்டிக் குடுத்துட்டுப் போ” என்றார்.

ஒலிந்தோ ஊருக்குப் போகவில்லை. போர்கோவில் சைக்கிள் பழுதுபார்க்கிறவர் ஒருவரின் கொட்டகையில் படுத்துக்கொண்டான். நாளைக்குப் போகலாம் என்று ஒவ்வொரு நாளும் காலையில் டயருக்குக் காற்றடித்தான், மத்தியானம் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? ஏழாம் நாள் பேருந்து ஓட்டுநர் வந்து, அடக்கம் முந்தின நாளே முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முப்பத்தொரு கிலோமீட்டரும் ஏறினான். நீரூற்றடியில் இறங்கி நின்றான். தெருவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள்.

பிறகு அவனுக்குக் குவாரிதான். எட்டு வருஷம். அதில் மூன்றாம் வருஷம் மேலத்தெருப் பையன் ஒருவன் ஒரு பெரிய குழுவில் பந்தயத்துக்கு வந்தான், கல்யாணமாகி ஒரு மாதம். விடுப்புக் கேட்டிருக்கிறான். “ரொக்காசெராக்காரனா? வேண்டாம்பா” என்று சொல்லிவிட்டார்களாம். பெண்டாட்டி வாசலில் நிற்க, கூட்டத்தின் நடுவில் அழுதுகொண்டே போனான். அன்றைக்குச் சாயங்காலம் குவாரியில் ஒலிந்தோவின் சாப்பாட்டுப் பாத்திரத்தில் யாரோ கல்தூசியை அள்ளிப் போட்டிருந்தார்கள். அவன் அதைத் தட்டிவிட்டு, மிச்சத்தைச் சாப்பிட்டான்.

பழைய தபால்காரர் இறந்தபோது, சைக்கிளில் இந்த மலைகளை ஏறத் தெரிந்தவன் வேறு யாரும் இல்லாததால் அந்த வேலை அவனுக்கு வந்தது. இருபத்துமூன்று வருஷம் தபால் கொடுத்தான். ஒவ்வொரு வாசலிலும் இறங்கி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்பான். கடிதம் இல்லாத வீட்டிலும் நின்று மணியடிப்பான்.

“இன்னைக்கு ஒண்ணும் இல்லைங்க.”

“ஒண்ணும் இல்லைன்னு சொல்றதுக்கு எதுக்குடா மணியடிக்கிற? அடுப்புல மாவு கிண்டிட்டிருந்தவள ஓட வெச்சுட்டியே!” என்று ரொட்டிக்கடை விதவை கத்துவாள். பிறகு, போகிறவன் முதுகைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி: “பரவாயில்ல, இப்பவாவது நிக்கக் கத்துக்கிட்டானே!”

அந்தச் சொல் ஊரில் நிலைத்துவிட்டது. பால்காரரிலிருந்து பாதிரியார்வரை எல்லாரும் அதைச் சொன்னார்கள். ஒலிந்தோ கேட்டுக்கொண்டே அடுத்த வாசலுக்குப் போவான். மறுநாளும் இறங்கி நிற்பான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையோடு அதே வீட்டில் இருந்தான். சாப்பாட்டு மேசையில் இருவரும் வானிலை பேசுவார்கள், விறகு பேசுவார்கள். அவள் உள்ளங்கையில் கோப்பை கிழித்த வடு, உப்பை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் அவன் கண்ணில் படும்.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் இருமல் தொடங்கியது. மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலில் கல்தூசி. குவாரியில் முதலில் ஏழு வருஷம், பிறகு எட்டு வருஷம். அந்தப் பதினைந்தே போதுமாக இருந்திருக்கிறது. சென்ற பிப்ரவரியில், அறுபத்தொரு வயதில், பெரிய ஜன்னல் உள்ள ஓர் அறையில் இறந்துபோனான். ஊரிலிருந்து ஒன்பது பேர் அடக்கத்துக்குப் போனோம்.

அவனைக் கடைசிவரை தின்றது தூசி மட்டும் இல்லை. அன்றைக்கு நீரூற்றைக் கடந்தபோது, கடைக்கண்ணில் இரண்டு விஷயங்களைப் பார்த்திருந்தான். அப்பாவின் கை மேலே எழுந்தது, வாய் அசைந்தது. என்ன சொன்னார்? சபித்தார் என்று குவாரிக்காரர்கள் சொன்னார்கள். காறித் துப்பினார் என்று ரொட்டிக்கடை விதவை சொன்னாள். ஒலிந்தோ யாரிடமும் கேட்கவில்லை. முப்பத்துநாலு வருஷம் அந்த வாயசைவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சொல்லாகப் பொருத்திப் பார்த்திருப்பான்.

நீரூற்றுக்கு நேர் எதிரே மாடி ஜன்னலில் நின்றிருந்த எங்களுக்கு அது நன்றாகத் தெரிந்தது. எஜிஸ்தோ சபிக்கவில்லை. குவாரியிலிருந்து மகன் தப்பிக்க வேண்டும் என்று அவர் எத்தனை வருஷமாகச் சொல்லிவந்தார்! மகன் பிரேக்கைப் பிடித்ததைப் பார்த்ததும் பதறிப்போய்க் கையைத் தூக்கினார். நுரையீரலில் மிச்சம் இருந்த காற்றையெல்லாம் கூட்டி, “நிக்காதடா, போ! போயிடு!” என்று கத்தினார். அந்தச் சொல்தான் ஒலிந்தோவின் காதில் விழவில்லை.

ஸெலிந்தா இந்தத் தாளை வாங்கிப் படித்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் படித்தாள்.

“அப்பாவுக்கு அந்த வருஷம் கத்தறதுக்கு எங்கடி மூச்சு இருந்தது?” என்றாள். “நீ ஜன்னல்ல நின்ன. நான் பக்கத்துல நின்னேன். கண்ணும் மங்கிப்போச்சு அவருக்கு. சைக்கிள் போன சத்தம் கேட்டுச்சு, அவ்வளவுதான். கையத் தூக்கி என் பாவாடையப் புடிச்சு இழுத்தார். ‘யாரும்மா அவன், இவ்வளவு வேகமாப் போறான்? நம்ம ஒலிந்தோ எப்ப வருவான்?’னு கேட்டார். அண்ணன்தாம்ப்பா போயிட்டான்னு சொன்னேன். ‘சும்மா இரு, அவன் நிப்பான்’னார். கூட்டம் போச்சு. விழுந்தவங்கள ஏத்திக்கிட்டுப் போற கடைசி வண்டியும் போச்சு. மழை வலுத்துது. இருட்டற வரைக்கும் நாற்காலிய உள்ள தூக்க விடல.”